காலியாக வந்த வண்டி

மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கியதும் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால் ஒரு வாசனை வரும். இரும்பும் வேர்வையும் யாரோ தின்ற வறுகடலையும் கலந்த அந்த வாசனைதான் மெட்ராஸ் எனக்குக் கொடுத்த முதல் அறிமுகம் என்பதாலோ என்னவோ, இத்தனை வருடம் இங்கேயே குப்பை கொட்டிய பிறகும் அது மூக்கில் ஏறினால் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் நடக்கிறேன். ஊரின் பெயர் அப்போதே சென்னை என்று மாறியிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அது கடைசிவரை மெட்ராஸாகவே இருந்தது.

அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, சங்கரன்கோவிலிலிருந்து அம்மா, அப்பா, தம்பி, நான் என்று நாலு பேரும் மூட்டை முடிச்சுகளோடு குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. கல்வி ஆண்டின் நடுவில் பள்ளி மாற்றிப் பிள்ளைகளைக் கொண்டுவருவது என்றால் என்ன என்பது கொண்டுவருகிறவர்களுக்குத் தெரியாது, வந்து சேர்கிற பிள்ளைகளுக்குத்தான் தெரியும். வகுப்பில் முதல் நாளே பக்கத்தில் இருந்தவளை நான் எங்கள் ஊர் வழக்கப்படி "ஏட்டி" என்று கூப்பிட்டுவிட, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் வாயையே திறப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். டீச்சர் கேள்வி கேட்டால்கூட எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன்.

பயப்படுவதற்கு அங்கே பஞ்சமே இல்லை. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் தம்பி எழுந்து உட்கார்ந்து அழுவான். குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே மஞ்சள், ஒரே பச்சைக் கதவு. தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது எது நம் வீடு என்று வாசல் கோலத்தைப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். இதெல்லாம் போதாதென்று அம்மா வேறு. "மெட்ராஸ்ல பிள்ளை பிடிக்கவன் சாக்கோட அலைவானாம், ஆரு கூப்பிட்டாலும் வாயத் தொறக்கப்பிடாது, என்ன?" என்று தினமும் தலைபின்னும்போது சொல்லிச் சொல்லி, பின்னலோடு சேர்த்து அந்தச் சாக்கையும் என் தலையில் முடிந்துவிடுவாள். அம்மாவுக்கு இந்த ஊருக்கு வரவே இஷ்டமில்லை. "பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கே பெட்டியக் கட்டிருவேன்" என்று அவள் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டிருந்தது.

அப்பா மட்டும் எதற்கும் பயப்படவில்லை. அல்லது அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். "என்னத்துக்குப் பயம்? இங்கயும் மனுசங்கதான இருக்காங்க" என்பார். அந்தத் தைரியத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூட ஷூ வாங்க எல்லோரையும் அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் கூட்டிப்போகக் கிளம்பினார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காலிப் பஸ் உள்ளே நுழைந்தால், அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டோ பையோ விழும். துண்டு இல்லாதவர்கள் பிள்ளையையே தூக்கி உள்ளே போடுவார்கள். "எடம் பிடிக்கது" என்று அதற்குப் பெயர். ஒல்லிப்பிச்சான் உடம்புக்காரியான நான் அந்த வித்தையில் கெட்டிக்காரி. கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே குதித்து, அப்பாவின் துண்டை விரித்து, அதன்மேல் காலை நீட்டிப் படுத்து மூன்று பேர் இடத்தை வளைத்துவிடுவேன். பெரியவர்கள் ஆற அமர ஏறி வருவார்கள். அவர்கள் ஏறாமல் பஸ் நகராது. கண்டக்டர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்.

ஆவடி நிலையத்தில் நாங்கள் நின்றிருந்தபோது ஒரு வண்டி வந்தது. வந்த கூட்டமெல்லாம் திபுதிபுவென்று இறங்கிப் போக, பெட்டி பெட்டியாகக் காலி. நடைமேடையில் எங்களைப்போல் காத்திருந்த அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அதைப் பார்த்தாவது எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கோ வாயெல்லாம் பல். "பாத்தியா, ஒருத்தனும் ஏறல. இன்னைக்கி நமக்கு யோகந்தான்" என்று தோளில் கிடந்த துண்டை உருவி என் கையில் திணித்து, "ஓடுட்டி, வெரசலா எடம் பிடி" என்றார்.

ஓடினேன். ஜன்னலோர நீள இருக்கையில் துண்டை விரித்து, அது பறந்துவிடாமல் அதன்மேலேயே உட்கார்ந்து, இந்தப் பாழாய்ப்போன ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சரியாகச் செய்துவிட்ட பெருமையோடு வாசலைப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே தூண் நகர்ந்தது. பிறகு இன்னொரு தூண் நகர்ந்தது. ஒரு விசில் கிடையாது, "போலாம் ரைட்" கிடையாது.

"அண்ணாத்தே, அது ஷெட்டுக்குப் போற வண்டி! இன்னா, கொயந்தய ஏத்தி வுட்டுட்டே?" என்று யாரோ கத்தியது கேட்டது. வாசலுக்கு ஓடினேன். அம்மா, "எறங்குட்டி, எறங்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வண்டியோடு கூடவே ஓடிவந்து, "குதிக்காத! குதிச்சிராத!" என்றார். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். நடைமேடை முடிந்தது. அப்பா சின்னதாகி, பிறகு காணாமல் போனார்.

அந்தப் பயத்தை இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கும். அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. அத்தனை பெரிய வண்டியில் நான் ஒருத்திதான். பிடிக்க ஆளில்லாத கைப்பிடிகள் எல்லாம் ஒன்றாக ஆடின. வீட்டு நம்பர் தெரியாது. வாசலில் நாலு புள்ளிக் கோலம் போட்டிருக்கும் என்பது மட்டும்தான் தெரியும், அதை வைத்துக்கொண்டு யாரிடம் வழி கேட்பது? ஓடி முடித்த ரயில்களை நிறுத்திச் சுத்தம் செய்கிற அந்த ஷெட் அண்ணனூரில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆளில்லாத வண்டிகள் வரிசையாக நிற்க, நடுவில் போய் எங்கள் வண்டியும் நின்றது. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. எட்டிப் பார்த்தால் நடைமேடை இல்லை. கீழே வெகு ஆழத்தில் கருங்கல் ஜல்லி. இனி அம்மாவை ஆயுசுக்கும் பார்க்கப் போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் பெட்டியின் அந்தக் கோடியில் ஏறினார்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் துடைப்பம். இன்னொருத்தி தோளில் சாக்கு. பெட்டியைக் கூட்டிக் குப்பை அள்ளுவதற்கான சாக்கு அது என்று இன்று தெரிகிறது. அன்று, அம்மா சொன்ன அதே சாக்கு! நான் இருக்கைக்கு அடியில் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"எக்கா, இங்க ஒரு பாப்பா கீது!" குனிந்து பார்த்தவளின் மூக்குத்தி பளிச்சென்றது. "ஏ பாப்பா, இன்னா பண்ணிகினு கீறே அங்க? ஊடு எங்க கீது? யாரோட வந்தே?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஊமையாட்டம் கீதே?"

"ஊமையெல்லாம் இல்ல, பயந்துகினு கீது" என்றாள் மூத்தவள். அவள் என்னை இழுக்கவில்லை. மேலே இருக்கையில் விரித்திருந்த துண்டை எடுத்துப் பார்த்தவள், "அடியே, இது சீட்டு புடிச்சிகினு கீதுடி! பெத்தவன் கீய நின்னுட்டான் போல" என்று சொல்லிவிட்டு, இளையவளைப் பார்த்து, "ஆபீசுல போயி சொல்லு, ஸ்டேஷனுக்குப் போன் பண்ணச் சொல்லு, ஓடு" என்றாள். பிறகு, என் கண் சாக்கின்மேலேயே இருப்பதைப் பார்த்து அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "உங்க நைனா வருவாரு. வர்றவரைக்கும் நானும் இங்கயே குந்திகினு கீறேன். நீ பேசவே வாணாம், சரியா?"

அந்த ஊரில் என்னைப் பேச வைக்கப் பார்க்காமல் என்னோடு உட்கார்ந்த முதல் ஆள் அவள். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, "எங்கப்பா வருவாவளா?" என்று கேட்டேன். அந்த "வருவாவளா"வுக்கு அவள் சிரிக்கவில்லை.

அப்பா தண்டவாளத்தோடு ஓடியே வந்துவிட்டார். ஒரு காலில் செருப்பில்லை. ஜல்லிமேல் நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டினார். கொஞ்ச நேரம் முன்பு குதிக்காதே என்று கத்திய மனிதர், இப்போது "குதி" என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். குதித்தேன். மூத்தவள் இறங்கி வந்து கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்க அவரால் முடியவில்லை. டம்ளர் பல்லில் டக்டக்கென்று அடித்தது. கடைசியில் அவளே டம்ளரைப் பிடித்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோலப் புகட்டினாள். எங்கள் வீட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் என் பயம் இரட்டிப்பானது.

அம்மா பெட்டியைக் கட்டவில்லை. கட்டத்தான் எடுத்தாள், அன்று மாலை அப்பா சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டு, எடுத்த பெட்டியைப் பரண்மேலேயே வைத்துவிட்டாள். அதற்குப் பதிலாக, விளக்கு வைத்ததும் நாங்கள் சாமி பாட்டுப் பாடுவது நின்று, வீட்டு நம்பர், தெரு, அப்பாவின் பெயர், தொழிற்சாலை என்று ஒப்பிப்பது தொடங்கியது.

இப்போது அந்த மஞ்சள் வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களைக் காணோம். வண்டி எங்கே போகிறது என்று ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொல்கிறது. "ஏட்டி" என்று என்னைக் கூப்பிட அப்பா ஒருவர்தான் மிச்சம். தம்பி என்னிடமே, "இன்னாக்கா, சாப்ட்டியா?" என்கிறான். அந்தப் பழைய பயமும் எங்கள் வீட்டைவிட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம், ஆவடியை அடுத்த வெள்ளானூரில் என்னோடு இருக்கும் அப்பாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக ஆவடியில் ரயிலுக்கு நின்றோம். அவருக்கு முழங்கால் வலி, நிற்க முடியாது. வண்டி வந்ததும் ஒரு காலி இருக்கை கண்ணில் பட, நான் முந்திக்கொண்டு ஏறி, அதில் கைப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "அப்பா, வாங்க, எடம் இருக்கு" என்றேன்.

அவர் ஏறவில்லை. வெளிறிப்போன முகத்தோடு கையை மட்டும் நீட்டினார். "எறங்குட்டி."

"இது சென்ட்ரல் வண்டிப்பா. ஷெட்டுக்குப் போறது இல்ல."

"எறங்குன்னு சொல்லுதேன்லா!"

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாற்பதை நெருங்கும் என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. வண்டி எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. அடுத்தது நெரிசலாக வந்தது. இருவரும் சேர்ந்தே ஏறினோம். உட்கார இடமில்லை, அம்பத்தூர் தாண்டியும் நின்றுகொண்டே வந்த அப்பா, காலை மாற்றி மாற்றி ஊன்றினாரே தவிர என் மணிக்கட்டை விடவில்லை.