காணாமல் போன இரண்டு கியர்கள்

மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். மீன் விற்கிற வீட்டில் பிறந்த எனக்கு மனிதர்களையும் செவுளைத் தூக்கிப் பார்க்கும் புத்தி சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அதிலும் மாமாவை, அதாவது என் அம்மாவின் தம்பியை, நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. அவர் ஒரு முறை எங்கள் மிக்சியைக் கழற்றிச் சரிசெய்தார். மிக்சி ஓடியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலை முடிந்த பிறகும் தரையில் திருகாணிகள் கிடந்தன. கேட்டதற்கு, கம்பெனிக்காரன் தெரியாமல் அதிகமாகப் போட்டுவிட்டான் என்றார்.

அந்த மாமாவிடம்தான் என் சைக்கிளைக் கொடுக்கும்படி ஆயிற்று.

நாங்கள் இருந்தது திருவொற்றியூர் கடற்கரையில் ஒரு குப்பம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்கு டோல்கேட் பக்கம் போக வேண்டும். நைனாவுக்கு, எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அதில் துளியும் இஷ்டமில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஓடும் கடலோர ரோட்டில் பெண் பிள்ளையை அனுப்புவதா என்றார். அம்மா அவரோடு மல்லுக்கட்டி என்னைச் சேர்த்தாள். பஸ்ஸை நம்பினால் பாதி நாள் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன் என்று சொல்லி சைக்கிளையும் வாங்க வைத்தாள். உடம்பெல்லாம் மின்னல் ஸ்டிக்கர் ஒட்டிய, பின்சக்கரத்தில் ஏழு கியர் வைத்த சைக்கிள். ஸ்டிக்கர் மட்டும்தான் பந்தயச் சைக்கிளுக்கு உரியது, மற்றதெல்லாம் மலிவுச் சரக்கு. நைனா கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

"ரோட்ல ஒரு தபா செயின் கயண்டு நின்னேன்னு என் காதுல வுயுந்துச்சு, சைக்கிளும் கெடியாது, பள்ளிக்கூடமும் கெடியாது. வூட்ல குந்திக்கோ."

எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. மழைக்காலம் முடிவதற்குள் கியர் கேபிள் துருப்பிடித்து இறுகிவிட்டது. மூன்றாவதில் போட்டால் நான்காவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே செயின் கிடந்து கடகடவென்று பல்லைக் கடிக்கும். மிதிக்கும்போது திடீரென்று வழுக்கி, கால் காற்றில் போகும். ஒரு நாள் நடு ரோட்டில் செயின் கழன்றேவிட்டது. நைனா காதுக்கு எட்டுவதற்குள் சரிசெய்தாக வேண்டும். அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் தம்பி முன்னால் நிறுத்தினாள்.

மாமா லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் குப்பத்தில் எது கெட்டாலும் அதில் கை வைப்பார். துருப்பிடித்த கேபிளை உருவிப் போட்டுவிட்டு, அதற்குப் பதிலாக தூண்டிலுக்குக் கட்டும் தங்கூஸ் நரம்பைக் கோத்துக் கட்டினார். "துருவே புடிக்காது பாரு. இதுல வஞ்சிரத்தையே தூக்கலாம்" என்றார். வஞ்சிரத்தைத் தூக்கலாம்தான். ஆனால் நரம்பு இழுத்த இழுப்புக்கு நீண்டுகொண்டே போனது. நான் லீவரைத் தள்ளி ஒரு பாட்டு பாடி முடித்த பிறகு கியர் மாறியது. வெயில் ஏறினால் அதுவும் இல்லை.

இரண்டாம் முறை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிஜமான கேபிளே வாங்கி வந்து போட்டார். இந்த முறை வெண்ணெய் மாதிரி மாறியது. சத்தமில்லை, வழுக்கலில்லை. அன்று சாயந்திரம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஏழாவதுல போட்டா கன்டெய்னரையே ஓவர்டேக் பண்றேம்மா." அம்மா கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் அடுத்த மீனை எடுத்தாள்.

சில நாளில் எதையோ இறுக்க வேண்டும் என்று மாமா மறுபடி சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஆறாவது கியரும் ஏழாவது கியரும் இல்லை. லீவர் ஏழு வரைக்கும் போகிறது, செயின் மட்டும் ஐந்தாவது பல்சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் வேகம் இல்லை.

என் சந்தேகம் கொடி கட்டிப் பறந்தது. மாமாவின் கூட்டாளி ஒருவரின் மகனுக்கும் இதே மாதிரி சைக்கிள் இருந்தது. அவன் சைக்கிள் போன வாரம் வரை நொண்டியது, இப்போது பறக்கிறது. ரெண்டும் ரெண்டும் நாலு. நான் நெயில் பாலிஷை எடுத்து, மிச்சமிருந்ததாவது களவு போகாமல் இருக்க, பல்சக்கரம், செயின், செயினைத் தள்ளும் கை எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு வைத்தேன். பிறகு அந்தப் பையனின் சைக்கிளை ரேஷன் கடை வாசலில் குனிந்து நிமிர்ந்து ஆராய்ந்தேன். சந்தேகப்படும்படி ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. வீட்டிலும் ஏதோ சரியில்லை. நான் உள்ளே நுழைந்தால் அம்மாவும் மாமாவும் பேச்சை நிறுத்திவிட்டு விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள்.

பொறுக்க முடியாமல் டோல்கேட்டில் ஒரு சைக்கிள் கடையில் காட்டினேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார். செயினைத் தள்ளும் கையின் பின்னால் ஒளிந்திருந்த பொடித் திருகாணி ஒன்றைத் தளர்த்தினார். செயின் குதித்து ஏழாவதில் விழுந்தது.

"இது ரிப்பேரே இல்ல பாப்பா. யாரோ வேணும்னே முறுக்கி வெச்சிக்கிறாங்க."

நேராக மாமாவிடம் போனேன். அவர் மணலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். ஏன் திருகாணியை முறுக்கினாய் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"தெரியாம முறுக்கிட்டேன் பாப்பா. மாமா இன்னா இன்ஜினீரா? மன்ச்சுடு."

பிறந்ததிலிருந்து தன் தப்பை ஒத்துக்கொண்டதே இல்லாத மனிதர் கேட்ட மாத்திரத்தில் ஒத்துக்கொண்டால் யார் நம்புவார்கள்?

மாமா அதற்குப் பிறகு லாஞ்சில் ஏறிக் கடலுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் ஒரு காலையில் செயின் ஐந்தாவதோடு நின்றது. நான் தளர்த்தினேன். மறுநாள் மறுபடியும் இறுகியிருந்தது. அப்படியானால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

விடியற்காலையில் போர்வைக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போக எழுந்தாள். தலையை அள்ளி முடிந்தாள். சுருக்குப் பையிலிருந்து மாமாவின் குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு என் சைக்கிளின் பின்னால் குந்தினாள். ரிமோட்டில் பேட்டரி மாற்றக்கூட என்னைக் கூப்பிடுகிறவள், விரலால் தடவிப் பார்த்து அந்தத் திருகாணியைக் கண்டுபிடித்து முறுக்கினாள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினாள். லீவரைத் தள்ளினாள், செயின் போகிறதா என்று பார்த்தாள். மறுபடி தள்ளி, மறுபடி பார்த்தாள். பிறகு சீட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவளே கெடுத்தால் எங்கே போய்ச் சொல்வது? அன்று சாயந்திரம் கேட்டேன்.

"ஸ்குரூவ நீதானே முறுக்குற?"

அம்மா திரும்பி நைனா இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னா ஸ்குரூ? எனுக்கு இன்னா தெரியும். போய்ப் படி."

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடந்தது வாய் பேசாத யுத்தம். நான் சாயந்திரம் தளர்த்துவேன், அவள் விடியலில் முறுக்குவாள். நான் ஸ்குரூ டிரைவரை ஒளித்து வைத்தேன். அவள் கத்தி முனையால் முறுக்கினாள். சாப்பாடு போடும்போது எப்போதும் போலப் பேசிக்கொள்வோம். நைனாவுக்கு இது எதுவும் தெரியாது. அவரிடம் அம்மாவைப் பற்றிக் கோள் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். சைக்கிள் பேச்சை எடுத்தால் சைக்கிளே போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அம்மாவுக்கும் அதே பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் திருகாணி நான் விட்டபடியே இருந்தது. மறுநாளும் அப்படியே. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதே வாரம் அம்மா ஒரு காரியம் செய்தாள். மார்க்கெட் கொட்டகையில் அவளுக்கென்று நிழலான இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்துக்காக அவள் போடாத சண்டை இல்லை. அதைப் பக்கத்தில் விற்கிறவளுக்கு விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கடலோர ரோட்டு வளைவுக்கு வந்து உட்கார்ந்தாள். கன்டெய்னர் லாரிகள் ரோட்டை விட்டு, பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டுக்குள் திரும்புகிற இடம் அது. தலைக்கு மேல் வெயில், மீன் மேல் புழுதி. நைனா ஏன் என்று கேட்டார். "அங்கதான் யாபாரம் நல்லா கீது" என்றாள். செவுளைத் தூக்காமலே அது புளுகு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முறுக்கித் தடுக்க முடியவில்லை, அதனால் வழியில் உட்கார்ந்து வேவு பார்க்கிறாள்.

அந்த வளைவு நெருங்கியதும் நான் வேண்டுமென்றே ஏழாவதில் போடுவேன். அம்மா பக்கம் திரும்ப மாட்டேன். ஓரக்கண்ணில் மட்டும் படும். நான் வருவதைப் பார்த்ததும் கூடையை விட்டு எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ரோட்டுக்குள் இறங்குவாள். யார்டுக்குள் திரும்புவதற்காக வருகிற லாரிகளுக்கு முன்னால் மீன் செதில் ஒட்டிய கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். நான் தாண்டும்போது பக்கத்தில் பிரேக் சத்தமும், தாண்டிய பிறகு பின்னால் ஹாரனும், டிரைவர்கள் வண்டை வண்டையாகத் திட்டுவதும் கேட்கும். சொன்ன புளுகை நிஜமாக்க, யாபாரம் பிடிக்கிற மாதிரி இப்படியா நடு ரோட்டில் போய் நிற்பது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

கன்டெய்னர் லாரியை நிறுத்தி மீன் வாங்குகிறவர் யாரும் இல்லை என்பது, எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு, அப்போது தோன்றவே இல்லை.