பட்டாளத்துப் பக்கிரியின் நடவு

வலங்கைமான் பக்கத்தில் பட்டாளத்துப் பக்கிரி என்றால்தான் அவரைத் தெரியும். முழுநேரப் பட்டாளம் அல்ல. ஊரில் இருந்தபடியே ஆண்டுக்கொரு முறை முகாமுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, போர் வந்தால் கிளம்ப வேண்டிய டெரிட்டோரியல் ஆர்மி. மற்ற நாளெல்லாம் அவர் குத்தகை விவசாயி.

முகாமுக்கு நாள் குறித்த புண்ணியவான் வயலில் கால் வைத்தவனாக இருக்க முடியாது. வைத்திருந்தால் புரட்டாசியில், சம்பா நடவு நேரத்திலா கூப்பிடுவான்? ஆனாலும் பக்கிரி ஒரு முறையும் போகத் தவறியதில்லை. அதில் அவருக்கு அவ்வளவு ரோஷம்.

ஒரு வருடம்தான் ஏமாந்தார். நாற்று தயார், மனைவி மங்களாம்பிகை காய்ச்சலில் படுத்திருந்தாள். நிலக்காரரின் காரியக்காரர் இராஜாங்கம், "நீ போய்ட்டு வாய்யா, நடவ நான் பாத்துக்கறேன்" என்றார். பக்கிரி நம்பிவிட்டார். யார் ஆள் விட்டு நட்டாரோ அவருடையதுதான் அந்தப் போகம் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதிலும் புதுச் சட்டம் வந்து, குத்தகைக்காரர் பெயரைப் பதிய அதிகாரிகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம் அது. பெயர் ஏறாதவன் நிலத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

முகாம் முடிந்து வந்தவரை இராஜாங்கம் வரப்பிலேயே மறித்தார். "நட்டது நாங்க. நீதான் நெலத்த விட்டுட்டுப் போய்ட்டியே!"

பக்கிரி விடுவதாக இல்லை. மறுநாள் காலை பட்டாளத்து உடுப்போடு வயலில் இறங்கிக் களை பறிக்க ஆரம்பித்தார். கூடவே, காய்ச்சல் தேறிய மங்களாம்பிகையும் இறங்கினாள். இராஜாங்கம் தடியாட்களைக் கூட்டிவந்தார். உடுப்பைப் பார்த்ததும் அவர்கள் வரப்பிலேயே தயங்கி நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து, பக்கிரியைத் தேடி ஜீப்பில் ஒரு கேப்டன் வந்து இறங்கினார். முகாமுக்கு வருகிறவர்கள் ஏன் குறைகிறார்கள் என்று ஆராய்ந்துவர மேலிடம் அவரை அனுப்பியிருந்தது; முகாமிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். இராஜாங்கம் ஓடிப்போய் முறையிட்டார்.

"சொந்தத் தகராறுக்கு யூனிஃபார்ம் போடக் கூடாது பக்கிரி" என்றார் கேப்டன். "கழட்டுங்க."

"ஆளு ஏன் வர்றதில்லன்னுதானே கேக்க வந்தீங்க? நடவு நேரத்துல கூப்ட்டீங்க, வந்தேன். வந்ததுக்கு நெலம் போச்சு. இதையே எழுதிக்கங்க சார்."

"எழுதறேன். மொதல்ல கழட்டுங்க."

பக்கிரி சட்டையைக் கழற்றி, மடித்து வரப்பில் வைத்தார். தடியாட்கள் பக்கம் திரும்பினார். "இந்தச் சட்டைக்குத்தானே பயந்தீங்க? இப்ப எறங்குங்கடா!"

மங்களாம்பிகை பறித்த களைக் கத்தையோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கேப்டன் ஜீப்பில் ஏறாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பார்க்கும்போது அடிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அந்தத் தையில் அறுத்தவர் பக்கிரிதான். அறுத்தவரே குத்தகைக்காரர் என்று அதிகாரிகள் பதிந்ததும் அவர் பெயரைத்தான். அடுத்த புரட்டாசியில் முகாமுக்குக் கூப்பிட ஆள் வந்தபோது அவர் முழங்கால் சேற்றில் நின்றார். நிமிரக்கூட இல்லை.

"நட்டு முடிச்சுட்டுத்தான் வருவேன்னு சொல்லுங்க."