ஒன்பதாவது புள்ளி

நடந்தவை வரிசையாக:

1. ஓர் உலோகத்தை அழுத்த அழுத்த அதன் எலக்ட்ரான்களின் ஆற்றல் எப்படி மாறுகிறது என்று சென்னையில் கணிப்பொறியில் கணக்கிட்டேன். பன்னிரண்டு புள்ளிகள் கிடைத்தன.
2. காரைக்காலில் என் அண்ணி அவற்றை டிரேசிங் தாளில் வரைந்து கொடுத்தார்.
3. ஒன்பதாவது புள்ளி கோட்டில் உட்காரவில்லை.
4. ஏன் என்று என் பேராசிரியர் கேட்டார். வரைந்தவரின் பிழை என்றேன்.

நான்காவதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அண்ணி ஓர் அரசு அலுவலகத்தில் டிரேசர். வாய்க்கால்களின் தரைமட்டத்தை வரைபடமாக்குவது அவர் வேலை. எண்பத்திரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்காலில் தருமபுரம் வீட்டில் என் எண்களைப் பரப்பி உட்கார்ந்தார். தாள் படபடக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மை ஒட்டுவதற்காகச் சுண்ணப்பொடியைத் துணியில் தொட்டுத் தாள் முழுக்கத் தேய்த்தார். ஒவ்வொரு புள்ளியையும் முதலில் ஊசியால் குத்தி, பிறகுதான் அதைச் சுற்றி மையால் வட்டமிட்டார். ஒன்பதாவதில் கை நின்றது.

"என்ன நாத்தனாரே, இது ஒன்னு மட்டும் கோச்சிக்கிட்டுக் கீழ போயி உக்காந்திருக்கு?"

"கணக்குல ஏதோ கோளாறு அண்ணி."

"வரிச்சிக்குடி வாய்க்கால்ல இப்படி ஒரு மட்டம் வந்துச்சுன்னா நாங்க அழிக்க மாட்டோம். திரும்பப் போயி அளப்போம். பாதி நேரம் அங்க நெசமாவே பள்ளம் இருக்கும்."

"இது வாய்க்கால் இல்ல அண்ணி."

அவர் சிரித்துக்கொண்டே வட்டமிட்டார்.

திரும்ப அளப்பது எனக்கும் முடியாததல்ல. என் கணக்கைத் துளைகளாகப் பதிந்த அட்டைக் கட்டை மறுபடி கணிப்பொறி மையத்தில் கொடுத்துப் பத்து நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கட்டுரையை அனுப்பும் அவசரத்தில் இருந்தேன். பேராசிரியர் கேட்டபோது, இன்னும் சரிபார்க்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டேன். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் தாளின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'டிரேசரின் பிழை; திருத்தவும்' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

அந்தத் தாளைத்தான் அப்படியே அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடுக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பதை மறந்திருந்தேன் என்றால் அதுவும் பொய். அவர் என்ன நினைப்பார் என்பதை நான் எண்ணவே இல்லை.

அண்ணி இரண்டு முறை படித்தார்.

"நான் தப்பா வச்சேன்னு சாரே சொன்னாரா?"

"அவசரத்துல எழுதிட்டாரு அண்ணி."

"என் தாள்ல இதுவரைக்கும் யாரும் இப்படி எழுதுனதில்லம்மா." பிறகு புதுத் தாளை எடுத்தார். "ஃபேன நிறுத்து."

ஒன்பதாவதை விட்டுவிடச் சொன்னேன். பதினோரு வட்டங்களுடன் படம் தயாரானது. கட்டுரை வெளிவந்தது. முடிவில் கணிப்பொறி மைய ஊழியர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருந்தேன். படம் வரைந்தவருக்குச் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து எங்கள் துறையில் ஒரு மாணவி அதே கணக்கைத் திரும்பப் போட்டாள். அவளுக்கும் ஒன்பதாவது புள்ளி கீழேதான் வந்தது. அந்த இடத்தைச் சுற்றி நெருக்கமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த அழுத்தத்தில் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. அங்கே நிஜமாகவே பள்ளம் இருந்தது. என் ஆராய்ச்சியில் புதிதாக இருந்த ஒரே விஷயம் அது. அதை நீக்கிவிட்டுத்தான் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். போன வாரம் காரைக்காலுக்குப் போய் அண்ணியிடமும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அந்த ரெண்டாவது தாள வெளிச்சத்துல காட்டிப் பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"பாரு."

இப்போது அந்தத் தாள் என் கையில், ஜன்னலுக்கு நேராக இருக்கிறது. மைக்கோடு வழுவழுவென்று போகிறது. பதினோரு வட்டங்கள். கோட்டுக்குக் கீழே, எட்டாவதற்கும் அதற்கடுத்த வட்டத்துக்கும் நடுவில், வட்டமில்லாமல் ஓர் ஊசித் துளை. அதன் வழியாக வெயில் வருகிறது.

திருத்தத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அதற்கான படத்தை வரைந்து தரும்படி அண்ணியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நானே வரைந்தேன். கோடு இரண்டு இடத்தில் பிசிறடித்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அண்ணி என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். நாத்தனாரே என்று மட்டும் கூப்பிடுவதில்லை.