பாயிண்ட் வைக்காத ஆட்டம்

தாராவியில் எங்கள் சந்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்த அன்று, அண்ணனும் நானும் பரணில் மாட்டிக்கொண்டோம். நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத இடம். கீழே இருக்கும் அந்த ஒற்றை அறை யாருக்கு என்ற சண்டையில் எங்களுக்குள் ஒரு வருடமாகப் பேச்சில்லை.

பழைய கேம்களை ஓடவைக்கும் எமுலேட்டரை லேப்டாப்பில் திறந்தேன். அதில் ஓடியது, வீட்டு டிவிக்கென்று வந்த முதல் கேம். இரண்டு வெள்ளைக் கட்டங்கள், அவை மாறி மாறித் தட்டும் ஒரு பந்து. சத்தம் வராது, பாயிண்ட் காட்டாது, எதிராளியாக ஆடவும் தெரியாது. இரு பக்கமும் நானே ஆடினேன்.

"தள்ளுல," என்று அண்ணன் இடப்பக்க விசைகளில் கைவைத்தான்.

தண்ணீர் பாதி ஏணி வரை ஏறும்வரை ஆடினோம்.

"யாருல ஜெயிச்சா?"

"இது பாயிண்ட் வைக்காதுண்ணே."

"அப்ப இன்னொரு ஆட்டம் போடு."

ஆனால் நான் மனதுக்குள் பாயிண்ட்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஜெயித்தது நான்தான். அறைச் சண்டையில் ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்காத நான், இதை மட்டும் அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.