கேட்ல லாரி நிக்குது

மவுஸைப் பிடித்து மேசைமேல் ஒரு வட்டம் போடுகிறார் யூனிஸ். திரையில் அம்பு அசையவில்லை. விட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்க் கஞ்சியைக் கிளறுகிறார், ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்க்கிறார், திரும்பி வருகிறார். அதற்குப் பிறகுதான் அந்த அம்பு சோம்பல் முறித்துக்கொண்டு வட்டத்தைப் போட்டு முடிக்கிறது. "பாத்தீங்களா சார், நான் போயே வந்துட்டேன், இது இன்னும் பஸ்ஸுக்கு நிக்குது" என்கிறார்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், அவர் மாடியில் குடியிருக்கிறார், நான் கீழே. காலையில் என் தலைக்கு மேல் தொடங்குகிற செருப்புச் சத்தம் சாயங்காலம்வரை ஓயாது. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எத்தனை பெரிய சோதனை என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று மாடியேறினேன். கதவைத் திறந்தவர், "நல்ல நேரத்துல வந்தீங்க சார், இவர கொஞ்சம் பிடிங்க" என்று கட்டிலில் கிடந்த கணவரின் தோளை என் கையில் கொடுத்துவிட்டு விரிப்பை மாற்ற ஆரம்பித்துவிட்டார். என் சண்டை அதோடு சரி.

கணவர் ஞானசேகரன் லேத் பட்டறை வைத்திருந்தவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் முக்கால்வாசி போய்விட்டது. அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. யூனிஸின் வேலையோ பொம்மசந்திராவில், பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில். ஓசூர் ரோட்டு நெரிசலில் போய்த் திரும்புவதற்குள் இங்கே கட்டிலில் கிடப்பவர் கதி என்ன ஆவது?

அதனால் ஓர் ஏற்பாடு. தொழிற்சாலையில் அவருடைய கம்ப்யூட்டர் அதே மேசையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் திரை இன்டர்நெட் வழியாக இங்கே அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரியும். இங்கே அவர் மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு நகர வேண்டும். இங்கே தட்டினால் அங்கே எழுத்து விழ வேண்டும். சரக்குக் கணக்கு போடும் புரோகிராம் அங்கே மட்டும்தான் உண்டு. அதிலிருந்து சீட்டு அச்சாகி வந்தால்தான் கேட்டில் நிற்கும் லாரி வெளியே போக முடியும். மேனேஜர் சீனிவாசராகவன் கெட்டவர் இல்லை. "வீட்லேர்ந்தே பண்ணுங்க யூனிஸ், எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா லாரி நிக்கக் கூடாது. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அதற்குமேல் சரிப்படாவிட்டால் பழையபடி ஆபீசுக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலி வேறு ஒருவருக்கு.

அன்றிலிருந்து யூனிஸ் வாயில் எதற்கெடுத்தாலும் இந்த ஒரு வாக்கியம்தான்: "கேட்ல லாரி நிக்குது." பால் பொங்கினாலும் அதுதான், குழாயில் தண்ணீர் வந்தாலும் அதுதான். கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே மெழுகுவர்த்தி விற்பவனிடமும் அதையே சொல்லிச் சில்லறை வாங்கினாராம்.

ஆனால் லாரி நின்றது. தினமும் நின்றது. அம்பு வந்து சேரவும் எழுத்து விழவும் அத்தனை நேரம் பிடித்தது. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒருவர் தலையில் போட்டார்கள். கேபிள்காரப் பையன், "லைன் சூப்பரா இருக்குக்கா, உங்க மெஷின்தான் டல்லு" என்றான். யூனிஸ் நம்பவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டு மாடிவரைக்கும் அந்தக் கறுப்பு ஒயரைத் தடவிக்கொண்டே போனார், பின்னால் குடை பிடித்துக்கொண்டு நான். எங்கேயும் அறுபடவில்லை. தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அங்கே இருப்பது விண்டோஸ். யூனிஸ் வீட்டில் இருப்பது லினக்ஸ், ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்தது. "அது வேற இது வேற மேடம், தமிழும் கன்னடமும் மாதிரி. ஒத்து வராது."

யூனிஸுக்கு வந்ததே கோபம். "நான் வீட்ல தமிழ் பேசறேன், பஸ்ல கன்னடா பேசறேன், பாய் கடையில உருது பேசறேன். எனக்கு எல்லாம் ஒத்து வருதே, இதுக்கு மட்டும் என்ன கேடு?" என்று சொல்லி போனை வைத்தார்.

கலரைக் குறைத்தால் வேகம் கூடும் என்று யாரோ சொல்ல, அதையும் குறைத்தார். திரை முழுவதும் பஞ்சுமிட்டாய் நிறத்துக்கு வந்தது. வேகம் வந்தபாடில்லை. படத்தைச் சுருக்கினார், நிறுத்தி மறுபடி ஓட்டினார், கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றித் தூசு தட்டினார். எதைச் செய்தாலும் நின்றபடியே செய்தார். நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடந்தது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நான் மேலே போனபோது அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் லாரி டிரைவர் கன்னடத்தில் கத்துவது எனக்கே கேட்டது. பிறகு மேனேஜர் பேசினார். "சரி சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார் யூனிஸ்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வந்துரச் சொல்லிட்டாரு."

கட்டிலிலிருந்து ஞானசேகரன் இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். "போ" என்றார். அவரிடம் மிச்சமிருக்கும் சில சொற்களில் அது ஒன்று.

"எங்க போறது? உன்ன யாரு புரட்டுவா, மேனேஜரா? பேசாம படு" என்றார் யூனிஸ். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மேசைமேல் கேபிள்காரன் வைத்துவிட்டுப் போன சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

"சார், நான் இப்ப எதையும் தொடல இல்ல?"

"இல்லை."

"அங்க என் சீட்லயும் யாரும் இல்ல. ஸ்க்ரீன்ல மாறுனத மட்டும்தான் அது இங்க அனுப்பும். எதுவுமே மாறலன்னா இது ஏன் இப்படித் துடிக்குது?"

அவர் கேட்டது எனக்குப் பாதிதான் புரிந்தது. கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் கைநாட்டு. அதற்குள் அவர் ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். எடுத்தவர் ஆதிகேசவன், ஆஸ்டின் டவுன்காரர், சரக்கு ஏற்றி இறக்குகிறவர், யூனிஸைவிட மூத்தவர்.

"ஆதிண்ணா, என் சீட்டாண்ட போய் ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"ஸ்வல்ப இரும்மா." செருப்புச் சத்தம் போய் வந்தது. "நம்ம ஸ்டாக்கு பொட்டி இருக்குது. வேற ஒண்ணும் இல்ல. பின்னால வெளக்கு."

"அந்தக் குத்துவெளக்குப் படம்தானே? அது எனக்கும் தெரியுதுண்ணா."

"ஆமா. பளபளன்னு எரியுது."

யூனிஸ் நடப்பதை நிறுத்தினார். இத்தனை நாளாக அவர் திரையில் அந்த விளக்கு ஒட்டிவைத்த படமாகத்தான் இருந்தது. எல்லாமே திக்கித் திக்கி வந்ததில், அதுவும் எப்போதாவது ஒரு துள்ளு துள்ளியதை அவர் சட்டை செய்யவில்லை.

"எரியுதுன்னா? ஆடுதா?"

"பின்ன, வெளக்குன்னா ஆடாதா? அஞ்சு மொகமும் ஆடுதும்மா."

அந்த ஐந்து முகமும் அங்கே ஓயாமல் ஆட ஆட, ஒவ்வோர் அசைவையும் படமெடுத்து இங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர். லாரிச் சீட்டு அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. யூனிஸ் எனக்கு இதை இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டுப் போன் பக்கம் திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எந்த மகராசன்ணா இத என் மெஷின்ல போட்டது?"

"நான்தாம்மா. எம் பையனக் கேட்டு வாங்கியாந்து போட்டேன். நீ போன பின்னாடி உன் மேசை இருட்டா கெடந்துச்சு. உன் வூட்டுக்காரருக்கு ஒடம்பு தேறட்டும்னு ஒரு வெளக்கு. நெசம் வெளக்கு வெக்க விட மாட்டாங்க இல்ல, ஆயில், அட்டப்பொட்டி எல்லாம் கெடக்குற எடம்." பிறகு குரல் இறங்கியது. "தப்பா ஏதும் ஆயிடுச்சா? எடுத்துரட்டுமா?"

யூனிஸ் திரையில் அசையாமல் நின்ற அந்த விளக்கைப் பார்த்தார்.

"தொடாதீங்கண்ணா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மவுஸைப் பிடித்தார். அம்பு தவழ்ந்து தவழ்ந்து ஏதோ ஒரு பட்டியலுக்குப் போனது. படங்கள் அசையலாமா கூடாதா என்று கேட்கிற ஒரு கட்டம் அதில் உண்டாம். அதிலிருந்த டிக்கை எடுத்தார். பெட்டியில் துடித்துக்கொண்டிருந்த பச்சை விளக்கு அடங்கியது. மவுஸால் ஒரு வட்டம் போட்டார். அம்பும் கூடவே போட்டது. சரசரவென்று எதையோ தட்டினார், போனில் பிரிண்டர் கரகரப்பது கேட்டது, கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு லாரி ஹார்ன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

"யூனிஸ்மா, வெளக்கு ஆடாம நிக்குது" என்றார் ஆதிகேசவன்.

"அணையலல்ல?"

"ஐயோ, இல்லம்மா. எரியுது."

அரைமணி கழித்து மேனேஜர் அழைத்தார். தங்கிக்கிடந்த சீட்டெல்லாம் எப்படி ஒரே மூச்சில் வந்தது என்று விசாரித்தார். திங்கட்கிழமைப் பேச்சை அவர் எடுக்கவில்லை, இவரும் ஞாபகப்படுத்தவில்லை.

இதெல்லாம் நடந்து சில மாதங்கள் ஆகின்றன. செருப்புச் சத்தம் குறைந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. இப்போது மாலையில் ஒரு முறை மட்டும் நின்றுபோகிறது. முதல் நாள் அது நின்றபோது, என்னவோ ஏதோவென்று பயந்து மேலே ஓடினேன்.

வேலை முடிந்திருந்தது. லைனைத் துண்டிக்குமுன் யூனிஸ் அந்தப் பட்டியலைத் திறந்து, அந்த வெள்ளிக்கிழமை எடுத்த டிக்கை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். போட்டால் மறுநாள் காலையில் அதை எடுப்பதற்குள் அம்போடு மல்லுக்கட்ட வேண்டும். தெரிந்தேதான் போடுகிறார். பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது.

"யூனிஸ், லாரி நிக்குது" என்றேன்.

"நிக்கட்டும் சார்" என்றார். கனத்த மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டில் பக்கமாகத் திருப்பினார். நாற்காலியிலிருந்த துணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, குத்துவிளக்கின் முதல் முகம் ஆடி இங்கே வந்து சேரும்வரை கணவரின் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.