இருட்டில் சொன்ன பெயர்

கேஜ் என்ற ஆங்கிலச் சொல் குழியைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பறவைக்கூண்டும் கேஜ்தான், சுரங்கத்தில் ஆள் இறக்கும் பெட்டியும் கேஜ்தான் என்று பாடம் நடத்தும் ஆங்கில டீச்சர் நான். எங்கள் கோலார் தங்கவயலில் பலர் லிஃப்டையும் கேஜ் என்றே சொல்வார்கள்.

போன மாதம் நெஞ்சு வலிக்கிறது என்ற கணவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாடிக்கு ஏறும்போது கரன்ட் போய் லிஃப்ட் நின்றது. ஒரே இருட்டு. கூட இருந்த இருவரும் கூச்சலிட்டார்கள்.

"கத்தாதீங்க. கேஜ் நின்னுட்டா நாங்க ஒவ்வொருத்தரா பேரு சொல்லுவோம். சொல்லுங்க," என்றார், மைன்ஸ் மூடும்வரை சுரங்கத்துக்குள் ஷிப்ட் போன என் கணவர்.

"மேரி," என்றது ஒரு குரல். "பாபு," என்றது இன்னொன்று. நானும் சொன்னேன். அவர் முறை வந்தது. சத்தமே இல்லை.

"இன்னாங்க?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

"செல்வராஜ்!" என்று அலறினேன்.

"இருக்கேன்டி," என்று தரையிலிருந்து முனகினார்.

கரன்ட் வந்தது. வைத்தியமும் பலித்தது. இப்போதும் கேஜ் என்ற சொல்லுக்கு எல்லா அர்த்தங்களையும் கரும்பலகையில் எழுதுகிறேன். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல், அவர் பெயரை ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.