கடைவயலுக்கு முதல் தண்ணீர்

நேற்று கொற்கை போகும் வழியில் ஒரு வாழைத்தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வால்வை எப்போது திறப்பது என்று வரிசை போட்டுக் கொடுப்பது என் வேலை. காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்ததும் ஒரு வாசம் வந்ததே, அதை வேலைக் குறிப்பில் எழுத இடமில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு மடை, அதிலிருந்து ஓடும் ஒரே வாய்க்கால். வாய்க்கால் முடியும் இடத்தில் எங்கள் வயல். எனக்குச் சின்ன வயதிலேயே பட்டியல் பைத்தியம். கடைக்குப் போனால்கூட புளி, உப்பு, தீப்பெட்டி என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டுதான் போவேன். (அப்படியும் தீப்பெட்டியை மறந்துவிடுவேன், அது வேறு.)

நான் ஏழாவது படித்த வருஷம், பிசானப் பருவத்து நெல் கதிர் தள்ளப் பொதி கட்டும் நேரத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. இன்னும் ஒரே தடவைதான் மடை திறப்பார்கள் என்று பேச்சு. அது கிடைக்காவிட்டால் எங்கள் நெல் பதராகிவிடும். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உதவி செய்வதாக நினைத்து, மடையிலிருந்து தொடங்கி இருபத்திரண்டு வயலையும் வரிசையாக எழுதி, சோற்றுப்பருக்கை தேய்த்து மடைக்கல்லில் ஒட்டினேன். முதல் பெயர் மேல்வயல் சுப்பம்மாள் அத்தை. கடைசிப் பெயர் எங்களுடையது.

மறுநாள் காலை மடையைச் சுற்றிக் கூட்டம். காகிதம் அத்தையின் கையில் இருந்தது.

“ஏளா, இந்தப் பட்டயத்த எழுதுனது நீதானா?”

“ஆமா அத்தே.”

“ஒங்க வயலுக்கு நீயே கொள்ளி வச்சிருக்கியே! தண்ணி கொறஞ்சா கடவயலுக்குத்தாம்ளா மொதல்ல. மேல இருக்கவ நான் முந்திப் பாய்ச்சுனா, ஒங்கம்ம வயலுக்கு ஈரங்கூட எட்டாது.”

அம்மா தயங்கினாள். “மதினி, ஒங்க நெல்லும் காயுதுல்லா?”

“நாலு நாளு தாங்கும். நீ பைய பாய்ச்சு. இந்த எழுத்துக்காரியயும் கூட்டிட்டுப் போ, மம்பட்டி பிடிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் வயலின் வாயை அவரவரே மண் வைத்து அடைத்தார்கள். இருபத்தொரு காய்ந்த வயல்களைத் தாண்டித் தண்ணீர் எங்களிடம் வந்தது. யாரும் காவல் நிற்கவில்லை. அத்தையின் முறை ஐந்தாம் நாள்தான் வந்தது. அவள் வயலில் மேட்டுப்பக்கம் கொஞ்சம் பதராகத்தான் போயிற்று. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கல்லூரியில் பாசனம் படித்து நான் வாங்கிய மதிப்பெண்ணில் பாதி அவளுடையது.

இப்போது வயலுக்கு வயல் ஆழ்துளைக் கிணறு. வாய்க்காலில் சம்புப் புல் மண்டிக் கிடக்கிறது. போன மாதம் எங்கள் மோட்டார் புகைந்து நின்றது. சரிசெய்து வருவதற்குள் பாதிப் பயிர் கருகிவிட்டது. அத்தை காலமான பிறகு அவள் வயலைக் குத்தகைக்குப் பார்க்கிறவர் நல்ல மனிதர். எங்கள் வரப்பில் என்னையும் கருகிய பயிரையும் பார்த்ததும் பதறிப்போனார்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்ம மோட்டார்ல இருந்து விட்டிருப்பேனேம்மா. இங்கன காயுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

உண்மைதான். அவரிடம் கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றவே இல்லை.